கேட் நோட்டில் உள்ள நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் மனிதவளப் பிரிவினருக்கும் வணக்கம்.

போன மாதம் மழையில் நெட் போன அந்தக் காலை ஷிப்டைப் பற்றி உங்களுக்கு அன்றே மெயில் வந்திருக்கும். அதன் விளைவு இப்போது சம்பளச் சீட்டில் வந்திருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் சேதராப்பட்டு ஆலையில் பேக்கிங் பிரிவு ஷிப்ட் சூப்பர்வைசர். அன்று என் ஷிப்டின் காண்ட்ராக்ட் பெண்கள் ஆறு மணிக்கு முன்பே கேட்டில் நின்றார்கள். வில்லியனூர், திருக்கனூர், வானூர் பக்கமிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நனைந்துகொண்டு வந்தவர்கள். முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் டேப்லெட் வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி அண்ணன் நீள நோட்டை எடுத்துப் பெயரும் நேரமும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். லைன் சரியாக ஆறு மணிக்கு ஓடியது. உற்பத்திக் கணக்கும் ஆறு மணியிலிருந்துதான் இருக்கிறது. நெட் வந்தபோது ஏழே முக்கால். ஒவ்வொருவராக லைனை விட்டுப் போய் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். சிஸ்டத்தில் அவர்கள் வேலைக்கு வந்த நேரமாக அதுவே பதிவானது. எல்லோருக்கும் அரை நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது.

அவர்களில் ஒரு அக்காவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். அந்த மாதம் ஒரு நாள்கூட அவர் லீவு எடுக்கவில்லை. முழு வருகைக்குத் தரும் ஊக்கத்தொகையை நம்பி மகளிர் குழுக் கடன் தவணையைக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அரை நாள் விழுந்ததும் அந்த ஊக்கத்தொகை முழுவதும் போய்விட்டது. ஒரு காலைப்பொழுதுக்காக மாதம் முழுக்க வந்த பலன் இல்லாமல் போனது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்: "ஆறு மணிக்கு நான் டேப் ஒட்டிக்கிட்டுதான சார் இருந்தேன்? நீங்க பாத்தீங்களே?"

பார்த்தேன். அந்த மணி நேரத்து உற்பத்தித் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. அவர் ஒட்டிய பெட்டிகள் அன்று மாலையே லாரியில் போயின. பெட்டிகளுக்கு வாடிக்கையாளரிடம் நாம் பில் போட்டிருக்கிறோம்.

அவர் காண்ட்ராக்டரிடம் போனார். "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதான் எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டார்கள். மனிதவளப் பிரிவில் கேட்டதற்கு கம்ப்யூட்டரில் புகார் டிக்கெட் போடச் சொன்னார்கள். டிக்கெட் போட கம்பெனி மெயில் ஐடி வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது. அவர்களுக்காக நான் போட்டேன். சம்பந்தப்பட்ட பணியாளரே பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் பதில் எழுதி அந்த டிக்கெட்டை மூடிவிட்டார்கள். இப்போது அவர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது இதுதான். நெட் இல்லாத நேரத்தில் கேட் நோட்டில் எழுதிய நேரத்தையே வருகை நேரமாக எடுங்கள். பிடித்த பணத்தையும் ஊக்கத்தொகையையும் திருப்பிக் கொடுங்கள்.

நம் கணக்கை நெட் வழியாக வேறு ஊர் கம்ப்யூட்டர்களில் வைக்கும் கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நம் டைம் ஆபீஸ் ரிஜிஸ்டர்கள் ஊறிப்போனதை அப்போது இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆபீஸ் மூலையில் இருந்த சர்வரும் போனது. பழைய ஆட்களின் ஓவர்டைம் கணக்கை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டியதாயிற்று. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அப்போதும் ஆபீசுக்குள் தண்ணீர் வந்தது, கம்ப்யூட்டர்கள் கெட்டன. ஆனால் கணக்கு எல்லாம் வேறு ஊர் டேட்டா சென்டரில் பத்திரமாக இருந்தது. சம்பளம் தேதி தவறாமல் வந்தது. அந்த நன்மையை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் இந்தக் குறை எனக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது. கணக்கைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, கணக்கு உள்ளே போகும் வாசலில் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை.

தொடர் முன்னேற்றம் பற்றிய வகுப்புகளில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் மனதார நம்புகிறேன். டொயோட்டாவில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் கயிற்றை இழுக்கலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும் என்றீர்கள். அங்கே உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு, அதற்குள் ஆட்களை நிற்கவைத்து வேலை நடப்பதைப் பார்க்கச் சொல்வார் என்றும், எந்தக் குறைக்கும் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

சரி, கேட்போம். சம்பளம் ஏன் குறைந்தது? சிஸ்டத்தில் தாமதம் என்று இருந்தது. ஏன்? நெட் இல்லை. நம் விசாரணை இந்த இடத்தோடு நின்றுவிட்டது. ரோட்டில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். கேபிள் நாளைக்கும் அறும், அடுத்த மழைக்கும் அறும். நெட் இல்லையென்றால் நேரம் ஏன் தொலைய வேண்டும்? அந்த டேப்லெட் முகத்தைப் படம் பிடித்து கிளவுடுக்கு அனுப்புகிறது, ஒப்பிடும் வேலை அங்கே நடக்கிறது, பதில் வந்தால்தான் வருகை பதிவாகிறது. அனுப்ப முடியாதபோது படத்தையும் நேரத்தையும் தன்னிடமே வைத்திருந்து, இணைப்பு வந்ததும் பழைய நேரத்தோடு அனுப்பும் வசதி நம்மிடம் இல்லை. ஏன் இல்லை? வாங்கும்போது யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டில் வரிசையில் நிற்பவர்களில் ஒருவரைக்கூட அந்தக் கூட்டத்துக்கு நாம் கூப்பிடவில்லை.

இத்தனைக்கும் முன்பு இருந்த கைரேகை மெஷினில் இந்த வசதி இருந்தது. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விரல் வைத்த நேரம் அதற்குள்ளேயே பதிவாகும். அதை எடுத்துவிட்டுத்தான் இதை வைத்தோம். இதை முன்னேற்றம் என்று போர்டில் ஒட்டியிருக்கிறோம்.

பெரிய இடங்களிலும் சிஸ்டம் விழுந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கியது. ஒரு கட்டளையைத் தவறாகக் கொடுத்ததால், எடுக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் கழன்றுவிட்டன. சேவை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைக்கூட அவர்களால் உடனே மாற்ற முடியவில்லை, அதுவும் எஸ்3-ஐ நம்பியே இருந்தது. அதன்பிறகு நடந்ததை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். தப்பாகக் கட்டளை கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை. ஒரேயடியாக அத்தனை சர்வர்களைக் கழற்ற முடியாதபடி கருவியைத் திருத்தியதாகத்தான் இருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கியபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் காட்டிப் பயணிகள் விமானம் ஏறினார்கள். சிஸ்டம் இல்லாதபோது கையால் எழுதியது அங்கே செல்லுபடியானது. நம் கேட்டில் எழுதியது ஏன் செல்லாது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வேலைக்கு வராத நேரத்தின் அளவுக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்பது 1936 ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. இங்கே பிடித்திருப்பதோ வேலை செய்த நேரத்துக்கான பணம்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு புது மென்பொருளும் வரும்போது மேலே இருப்பவர்களுக்கு நேரம் மிச்சமாகிறது, கீழே இருப்பவர்களுக்குக் காத்திருப்பு கூடுகிறது. லீவு கேட்க ஆப், சம்பளச் சீட்டு பார்க்க ஆப், எல்லாம் அவரவர் சொந்த போனில், சொந்த டேட்டாவில். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளிடம் கெஞ்சிப் பார்க்கிறார்கள். கேட் பாஸ் அச்சாகாத நாளில் லாரி டிரைவர்கள் ராத்திரி வரை சாப்பாடில்லாமல் ரோட்டோரம் கிடக்கிறார்கள். தலைமை அலுவலகத் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது. இந்த டேப்லெட் பற்றி யோசனைப் பெட்டியில் நான் எழுதிப் போட்டதும் 'முடிக்கப்பட்டது' என்ற நிலையில் இருக்கிறது. என்ன முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் செய்யும் முன்னேற்றத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இப்போதைக்கு வேண்டுவது, கேட் நோட்டில் உள்ள நேரத்தைக் கணக்கில் எடுக்க ஒரு உத்தரவு. அன்றைய நோட்டும் உற்பத்தித் தாளும் என்னிடம் கேட்டால் அன்றே கொண்டுவந்து தருகிறேன். காண்ட்ராக்டருக்கு நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் அரை நாள் பிடித்தமும் ஊக்கத்தொகையும் அடுத்த சம்பளத்திலேயே சேர்ந்துவிடும். அப்புறம், டேப்லெட் விற்றவர்களிடம் நெட் இல்லாமலும் நேரத்தைப் பதியும் வசதியைக் கேளுங்கள். அது வரும்வரை பழைய கைரேகை மெஷினை அதன் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள், ஸ்டோரில் இன்னும் இருக்கிறது. காண்ட்ராக்ட் ஆட்கள் புகார் சொல்ல மெயில் ஐடி இல்லாத ஒரு வழியும் வேண்டும்.

முடிந்தால் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு கேட்டுக்கு வாருங்கள். பெண்களோடு வரிசையில் நின்று பாருங்கள். நானும் கூட நிற்கிறேன்.

அடுத்த சம்பளத் தேதிக்கு முன் உங்கள் பதிலை அன்போடு எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பேக்கிங் பிரிவு ஷிப்ட் சூப்பர்வைசர்,
சேதராப்பட்டு, புதுச்சேரி