மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி திறந்த சில வாரங்களிலேயே எல்.கே.ஜி. பெற்றோர் பலரும் ஒரே கவலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்: "எழுதவே மாட்டேங்கிறான்னு மிஸ் சொல்றாங்க." ஒரு பக்கம் நிறைய ஸ்டாண்டிங் லைன், மறுபக்கம் ஸ்லீப்பிங் லைன், அது முடிவதற்குள் நாலு கோடு நோட்டு. பிள்ளை அழ, அம்மா அதன் கையைப் பிடித்து எழுதி முடிக்கிறார். குழந்தைகளின் கைத்திறனுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி துறையிலிருந்து இதை எழுதுகிறேன். மூன்றரை வயதில் பெரும்பாலான பிள்ளைகளின் கை எழுத்துக்குத் தயாராகியிருக்காது. தயார் செய்யும் வேலைக்குப் பென்சிலும் தேவையில்லை.

பார்த்து வரைவதில் ஒரு வரிசை உண்டு. சுமார் 2 வயதில் நேர்கோடு, 3 வயதில் வட்டம், 4 வயதையொட்டிக் கூட்டல் குறி, நாலரை, 5 வயதில் சதுரம், அதற்கும் பிறகு முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் வசப்படும். ஒரு பிள்ளைக்கும் இன்னொன்றுக்கும் சில மாதங்கள் முன்பின் இருக்கலாம், வரிசை அநேகமாக மாறாது. இப்போது 'அ'வைப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்துக்குள் இருக்கின்றன. கூட்டல் குறியே போட வராத பிள்ளையிடம் இதை ஐந்து வரி கேட்பது நியாயமில்லை. எழுதுவதற்கு 'ட', 'ப' முதலில் வரட்டும். இரண்டும் வெறும் நேர்கோடுகள். 'அ'வைப் பார்த்தும் சொல்லியும் பழகட்டும், எழுதுவது பின்னால் வரும்.

குழந்தையின் மணிக்கட்டு எக்ஸ்ரே படம் ஒன்றைக் காட்டி, "எலும்பே இல்லை, எழுத வைக்காதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாக இருந்து ஒவ்வொன்றாக எலும்பாகின்றன என்பது உண்மை. ஆனால் எழுத முடியாததற்கு அதுதான் காரணம் என்பது மிகை. தோளும் முன்கையும் ஆடாமல் நின்றால்தான் விரல் நுனி நுணுக்கமாக அசையும். அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை என்பதே காரணம். அது வராதபோது பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடிக்கும், அல்லது கட்டைவிரலை மற்ற விரல்கள்மேல் மடித்துக்கொள்ளும். கோடு போடத் தோளே அசையும், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தும், இரண்டு வரியில் கை வலிக்கும். இந்தப் பிடியோடு தினமும் எழுத வைத்தால் அதுவே பழகிவிடுகிறது. முதல் வகுப்புக்குப் பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

வீட்டில் செய்யக்கூடியவை நிறைய. முதலில் நிமிர்ந்த பரப்பு. பிள்ளையின் கண் உயரத்தில் சுவரில் பழைய காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டிக் கிறுக்கவிடுங்கள். மொட்டைமாடிச் சுவரில் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் 'பெயின்ட்' அடிக்கவிடுங்கள். நிமிர்ந்த பரப்பில் மணிக்கட்டு தானாகப் பின்னோக்கி நிற்கும், தோளுக்கும் வேலை கிடைக்கும். அடுத்தது மாவு. ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், தேவைக்குத் தண்ணீர் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். உருட்டுவதோடு விடாமல், மூன்று விரல் நுனியால் பட்டாணி அளவு கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். துணி கிளிப்பைக் கொடியில் மாட்டுவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, செடிக்கு ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடிப்பது எல்லாம் இதே கணக்குதான். பத்து நிமிடம் போதும். பிள்ளை எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.

பல்லாங்குழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போடும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி மிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து ஒரு கொட்டையை மட்டும் ஆள்காட்டி விரல் நுனிக்குத் தள்ளுகிறது. பென்சில் பிடிக்கும்போதும் கைக்கு இதே பிரிவினை வேண்டும்: ஒரு பாதி தாங்க, மறுபாதி அசைய. முதலில் மூன்று கொட்டை மட்டும் கொடுங்கள். எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் இரண்டாகக் குறையுங்கள். 4 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். சின்னப் பிள்ளைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

எழுதுகோல் கொடுக்கும்போது நீளமானது வேண்டாம். கிரேயானை 2, 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் தானாக வரும். மூன்று விரல் பிடி உறுதிப்பட 5, 6 வயது ஆகலாம். நான்கு விரலால் பிடித்தாலும், கை வலிக்காமல் தெளிவாக எழுதினால் திருத்த வேண்டியதில்லை. பாதம் தரையிலோ பலகையிலோ ஊன்றியிருக்க வேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் உடலைத் தாங்குவதிலேயே பிள்ளையின் பலம் போய்விடும். இடக்கைப் பிள்ளையை மாற்றாதீர்கள். தாளின் மேல்பக்கத்தை வலப்புறம் சாய்த்து வைத்தால் எழுதியது அதன் கண்ணுக்குத் தெரியும்.

விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுத வைக்கிறோமே, அதை ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம். தாம்பாளத்தில் இரண்டு கைப்பிடி ரவையைத் தட்டின் அடி மறையுமளவு மெல்லிசாகப் பரப்பினால் போதும். தப்பாகப் போனாலும் ஒரு முறை தட்டினால் அழிந்துவிடும் என்பதால் பிள்ளைக்குப் பயமில்லை.

சில அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, 3, 4 மாதத்துக்குப் பிறகும் முஷ்டி மூடியே இருப்பது, முன்பு செய்ய முடிந்ததைக் கை இப்போது செய்ய முடியாமல் போவது. குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களிலும் இலவசமாகப் பரிசோதிக்கலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் புள்ளிகள்மேல் எழுதிப் பழகும் பயிற்சி வெளியிடுவதானால், எழுத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி, விரல் ஓடும் அளவு தடம் விட்டு, தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளியும் போகும் திசைக்கு அம்புக்குறியும் போடுங்கள். "முதலில் விரலால்" என்று ஒரு வரியும் மேலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்,
திருச்சி