துணியை இழுக்கும் முன் ஒரு கேபிளை இழுங்கள்

மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் கல்லூரி அணித் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று கோவைப் பக்கம் நேரலை செய்து பிழைப்பவன் நான். ஜனவரியில் போட்டி நடக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போகுமுன், மூடிய துணியை இழுத்துக் காரை ஊருக்குக் காட்டும் விழாவை நேரலை செய்ய என்னையும் கூப்பிடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் கூப்பிடுவது முந்தின நாள் ராத்திரி. "கிரவுண்டுலதான் அண்ணா, ஹாட்ஸ்பாட் இருக்கு."

அந்த ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் ஒருமுறை மாட்டினேன். காலை எட்டு மணிக்குச் சோதித்தபோது அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட். முழு ஹெச்டிக்குத் தாராளம். பதினொன்றரைக்கு மைதானம் நிறைந்தது. ஒரே டவரை அத்தனை போனும் பங்குபோட, எனக்கு 1 மெகாபிட்கூட மிஞ்சவில்லை. ஊரிலிருந்து பார்த்த கேப்டனின் அம்மாவுக்குத் தெரிந்தது துணியைப் பிடித்த ஒரு கை, அப்புறம் சுற்றிக்கொண்டே இருந்த வட்டம், அப்புறம் கைதட்டல். துணி பின் விங்கில் சிக்கியதும் ஒளிபரப்பாகவில்லை. அது மட்டும் நல்லதாகப் போயிற்று!

அதனால், லேபிலிருந்து மைதானத்துக்கு இன்டர்நெட்டுக்காக ஒரு லேன் கேபிள் இழுத்துக் கொடுங்கள். 100 மீட்டருக்குள் இருந்தால் நடுவில் எதுவும் வேண்டாம். தாண்டினால் வழியில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்கலாம். காரை எங்கே நிறுத்துவது என்பதை அந்தக் கேபிள் முடிவு செய்யட்டும், மேடைக்காரர் வேண்டாம்.

நேரம் உச்சி வெயில் தணிந்த பிறகு, சாயங்காலம் ஐந்துக்குள். உச்சி வெயிலில் கறுப்புக் கார்பன் பாடிக்கு வெளிச்சம் கூட்டினால் பின்னால் நிற்கும் நீங்களெல்லாம் வெள்ளைப் பேய்கள். குறைத்தால் கார் வெறும் நிழல். போனில் எடுத்தால் அதுவும் சூடேறி நின்றுவிடும்.

ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு வேண்டாம். காப்புரிமை என்று யூடியூப் நடுவிலேயே நிறுத்தலாம். ஜெனரேட்டர் கரண்ட் என்றால் என் நேரலைப் பெட்டிக்கு ஒரு யுபிஎஸ் வேண்டும். அப்புறம், புதுச் சேனலா? முதல் தடவை நேரலையைத் திறக்க 24 மணி நேரம்வரை ஆகும். முந்தின நாள் ராத்திரி கூப்பிட்டால் நானும் உங்களோடு உட்கார்ந்து கடிகாரம்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பரில் தேதி குறித்தவர்கள் லேப் ஜன்னலிலிருந்து கார் நிற்கும் இடம்வரை டேப் பிடித்து அளந்து, எத்தனை மீட்டர் என்று இந்த வாரமே சொல்லுங்கள். கேபிளை நானே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நேரலைக்கார அண்ணன்