பாயில் உட்கார்ந்து பார்க்கும் உயரம்

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி தேவலையா? இங்கே மழை விட்டபாடில்லை. நாம் பிறந்த ரப்பர்த் தோட்டத்து லயத்தின், அந்தத் தொழிலாளர் வீடுகளின், கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் ரம்புத்தான் மரமும்தான் மிச்சம். சுற்றிலும் செம்பனை.

பழைய உலகப் படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல் என்று கேட்டிருந்தாய். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். அதை இன்றும் ஒரே மூச்சில் பார்ப்பேன். ஆனால் மனம் போய் நிற்பது இன்னொரு ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில். 1953-இல் வந்த படம். போன வாரம் நான்காம் முறையாகப் பார்த்தேன்.

ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தாயும் தகப்பனும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, நேரம்தான் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அத்தாமியில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் மாண்ட மகனின் மனைவி நோரிகோ மட்டும் வேலைக்கு லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். தன் ஒற்றை அறைக்கு அழைத்துவந்து, மாமனாருக்குக் கொடுக்கப் பக்கத்து வீட்டில் சாக்கே மதுவும் கிண்ணமும் கடன் வாங்குகிறாள். விருந்தாள் வந்தால் என் அம்மா சீனிக்கும் காப்பித்தூளுக்கும் உங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு ஓடி வருவாளே, அந்த ஓட்டம்தான்.

ஓசு கேமராவைத் தரையை ஒட்டியே வைப்பார். அந்த உயரம் நமக்குப் பழகியது. தகவல் இலாகா வேன் வந்து திடலில் படம் காட்ட வெள்ளைத்துணி கட்டும்போது நாற்காலிகள் தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார்களுக்குப் போய்விடும். நாம் பாயை விரித்துக்கொள்வோம். அவர் படத்தில் யார் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் பாயிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதுபோலவே இருக்கிறது எனக்கு.

ஆனால் இந்தப் படத்தைப் பல வருடம் தொடாமலே இருந்தேன். காரணம் உனக்குத் தெரியும். 1943-இல், மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர்கள் தாத்தாவைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை; அதில் எந்த இடத்தில் விழுந்தார் என்றுகூட நமக்குச் சொல்ல ஆள் இல்லை. அதே 1943-இல் ஓசு சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ஜப்பானிய ராணுவத்துக்காகப் படம் எடுக்க அனுப்பப்பட்டவர். அந்தப் படம் முடியவில்லை. கைப்பற்றிய அமெரிக்கப் படங்களை அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் ஆட்கள் கட்டை சுமந்த வருடம் அது.

அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் நோரிகோவின் அறையில் அந்தத் தாய் தங்கும் இரவைப் பார். இறந்துபோன மகன் படுத்த படுக்கையில் தூங்கக் கிடைத்ததே என்று கிழவி மகிழ்ந்துபோகிறாள். கணவன் போய் எட்டு வருடமாகியும் நோரிகோ அவன் படத்தை அறையில் வைத்திருக்கிறாள். நோரிகோவாக நடித்த செட்சுகோ ஹாரா அந்தப் புன்னகையை எங்கிருந்து கொண்டுவந்தாரோ! எனக்குப் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. அவளிடம் தாத்தாவின் படம் ஒன்றுகூட இல்லை. அவருடைய ரப்பர் பால் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். தேதியும் தெரியாது, உடலும் வரவில்லை என்று தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். இந்தப் படம் வெளிவந்தபோது அவள் காத்திருந்து பத்து வருடமாகியிருந்தது.

கடைசியில் மாமியாரின் பைக்கடிகாரத்தை நோரிகோவுக்குக் கொடுக்கிறார் மாமனார். ரயிலில் அதை எடுத்துத் திறந்து பார்க்கிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். கத்தியில் துரு ஏறியிருக்கிறது. பிடி மட்டும் வழுவழுப்பாக இருக்கிறது.

தைப்பூசத்துக்கு ஈப்போ வந்தால் இங்கே இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ. சேர்ந்து பார்ப்போம். உன் சின்னத்தாத்தாவும் அதே லாரியில் ஏறியவர்தானே? அவரைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
கடைசி லயத்துக்காரன்