வெஸ்ட்புரூக் வரட்டும், தம்பி

செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி,

"வெஸ்ட்புரூக்கா? ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி நேற்று போனை வைத்துவிட்டாய். பேச்சில் உன்னை மறிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். போன சீசனில் டென்வருக்கு ஆடிய அவரை, NBA கூடைப்பந்தில் உன் அணியான சாக்ரமென்டோ கிங்ஸ் எடுக்க வேண்டும்.

உன் பயம் புரிகிறது. ஏப்ரல் 2 காலை, நீ லீவுக்கு வந்திருந்தபோது சேர்ந்துதானே பார்த்தோம். டென்வருக்காக யோக்கிச் 61 புள்ளி எடுத்த ஆட்டம். இரண்டாவது ஓவர்டைம், டென்வர் ஒரு புள்ளி முன்னால். வேகமாக ஓடிப்போன வெஸ்ட்புரூக் கூடைக்கு அடியிலிருந்து போடும் எளிய லே-அப்பைத் தவறவிட்டார். அது போதாதென்று மறுமுனையில், மூன்று புள்ளிக்கு எறிந்த மின்னசோட்டா வீரர் மேல் ஃபவுல். கடிகாரத்தில் மிச்சம் 0.1 நொடி. இரண்டு ஃப்ரீ த்ரோ உள்ளே போயின, 140-139 என்று மின்னசோட்டா ஜெயித்தது. நீ எழுந்து வெளியே போய்விட்டாய். அந்த 61 புள்ளி வீணானது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆனால் மூன்று வாரத்துக்குள் கிளிப்பர்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் முதல் ஆட்டத்தில் கடைசி நேரத்தில் மூன்று புள்ளி போட்டதும், ஓவர்டைம் முடிவில் எதிரணியின் பந்தில் கை வைத்துக் கெடுத்ததும் இதே மனிதர்தான்.

முன்பு ஆடிய லேக்கர்ஸ் அணியில் 2022-23இல் அவருக்குச் சம்பளம் சுமார் 4.7 கோடி டாலர். ஒருவருக்கே அவ்வளவு போனால் மற்ற இடங்களுக்கு ஆள் எடுக்கப் பணம் எங்கே? டென்வரில் வாங்கியது சுமார் 33 லட்சம். அந்தக் காசுக்கு 36 வயதில் 75 ஆட்டம் ஆடினார், சராசரி 13 புள்ளி, 6 அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்). இப்போது குறைந்தபட்சச் சம்பளத்துக்கே கிடைப்பார். சரிப்படவில்லையா, சீசன் நடுவே பிப்ரவரியில் அனுப்பிவிடலாம்.

இன்னொன்றை நீ யோசிக்கவே இல்லை: உன் அணியின் சென்டர், அதாவது கூடையருகே ஆடும் உயரமான வீரர், சபோனிஸ். 2016-17இல், தன் முதல் வருடத்தில், ஓக்லஹோமாவில் வெஸ்ட்புரூக்கோடு ஆடியவர். அப்போது பந்து முழுக்க வெஸ்ட்புரூக் கையில், சபோனிஸ் மூன்று புள்ளிக் கோட்டருகே காத்து நிற்பார். இப்போது பந்து சபோனிஸ் கையில் இருக்கும், கூடையை நோக்கி வெட்டி ஓட வேண்டியவர் வெஸ்ட்புரூக். யோக்கிச்சோடு அவர் நன்றாகச் செய்தது அதைத்தான். யோக்கிச் மாதிரி பாஸ் கொடுக்கும் சென்டர் லீகில் எத்தனை பேர்? உன் அணியில் ஒருவர் இருக்கிறார்.

ஒரே நிபந்தனை. ஒரு புள்ளி இரண்டு புள்ளி ஆட்டமென்றால், கடைசி இரண்டு நிமிடம் அவர் பெஞ்சில் உட்கார வேண்டும், பந்து உன் அணியின் டிரோசனிடம் போக வேண்டும். இவ்வளவு மலிவாக வந்தவரை உட்கார வைக்கக் கோச் கிறிஸ்டி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

என்னை உறுத்துவது உன் அணியின் டெவின் கார்ட்டர். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2024இல் 13ஆவதாக எடுத்த பையன், தோள் அறுவை சிகிச்சையால் முதல் வருடமே பாதி போனது. அவனுடைய நிமிடங்களை வெஸ்ட்புரூக் தின்றுவிடுவார் என்று நீ சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அதைப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்