சனி ஞாயிறு எங்கே போகிறது என்று கேட்டாயே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குச் சாக்கு சொல்லப் போவதில்லை. நீ கேட்ட கேள்விக்கு விடையே அதில்தான் பாதி இருக்கிறது. "பத்து வருஷமாகக் கம்பெனியைத் தலையில் சுமக்கிறாயே, சனி ஞாயிறை எப்படித்தான் கழிக்கிறாய்?" என்று எழுதியிருந்தாய். நீயும் அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய் என்பதில் எனக்குக் கொள்ளை சந்தோஷம். முதல் ஆறு மாதம் சரியாகத் தூக்கம் வராது. அப்புறம் வரும் என்று சொல்ல ஆசைதான்.

முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன். ஹார்வர்டு பேராசிரியர்கள் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 கம்பெனித் தலைவர்களின் நேரத்தை ஆளுக்கு 13 வாரம் குறித்துவைத்து, 2018-ல் முடிவுகளை எழுதினார்கள். வார இறுதி நாட்களில் 79 சதவீதத்தில் அவர்கள் ஏதோ ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்களில் சராசரியாக 3.9 மணி நேரம். விடுமுறையில் போனபோதும் பத்தில் ஏழு நாள் வேலை. படித்ததும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, நான் மட்டும் இல்லை என்று. மனைவியிடம் காட்டினேன். "அந்த 27 பேர் வீட்டிலும் போய்க் கேட்டார்களாமா?" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்த நாலு மணி நேரம் பெரிய குற்றம் இல்லை. ஒரே கட்டியாக இருந்தால் அது ஒரு காலைப் பொழுது, அவ்வளவுதான். பத்துப் பத்து நிமிஷமாகச் சிதறினால்தான் நாள் முழுக்கப் போய்விடுகிறது. மூன்று வருஷம் முன்பு மகனின் கால்பந்துப் போட்டிக்குப் போயிருந்தேன். வாடிக்கையாளர் வாசலில் சரக்கு லாரியை உள்ளே விடவில்லை என்று போன் வந்தது. நாலே நிமிஷம் பேசினேன். அந்த நாலு நிமிஷத்தில்தான் அவன் கோல் போட்டிருக்கிறான். ராத்திரி, "பார்த்தியாப்பா?" என்றான். பார்த்தேன் என்றேன். "எந்தக் காலால அடிச்சேன்?" என்றான். வலது என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனசில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதற்குக் 'கவன எச்சம்' என்று பெயர் வைத்தார். போனை வைத்த பிறகும் நான் லாரியோடுதான் இருந்தேன்; மைதானத்தில் இருந்தது உடம்பு மட்டும்.

அதற்கப்புறம் செய்த ஏற்பாடு இது. சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கதவைச் சாத்திக்கொண்டு வேலை. வாரக் கணக்கு, கையெழுத்துகள், வார நாட்களில் நிதானமாக யோசிக்க முடியாத ஏதாவது ஒரு விஷயம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அது ஆபீஸ் நேரம். ஒன்பதுக்குப் போன் மேஜை டிராயருக்குள் போய்விடும். உண்மையான அவசரம் என்றால் என் மனைவியின் போனுக்குத்தான் அழைக்க வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. அவளிடம் விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்றதுமே, பாதிப் பேருக்கு அது அவசரம் இல்லை என்று புரிந்துவிடுகிறது. இரண்டு வருஷத்தில் மொத்தம் ஐந்து அழைப்பு. அதில் ஒன்று தவறான எண்.

ஆனால் என் வீட்டை மட்டும் சரிசெய்துகொண்டு ஆபீஸில் மற்றவர்களின் வீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. சனி ராத்திரி பதினோரு மணிக்கு ஏதாவது தோன்றினால் மின்னஞ்சல் தட்டிவிடுவேன். கடைசி வரியில், 'திங்கட்கிழமை பார்த்தால் போதும்'. வேலையை விட்டுப் போன ஒரு மேலாளர் கடைசி நாளில் சொன்னார்: "போதும்னு எழுதுவீங்க சார். ஆனா அதைப் படிச்ச பிறகு எங்களுக்கு ஞாயிறு இருக்காது." பிரான்ஸில் 2017 முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எனக்கு இது புரிய ஒருவர் ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. இப்போதும் எழுதுகிறேன், திங்கள் காலை எட்டு மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவைக்கிறேன். எட்டு மணிக்குப் பன்னிரண்டு மின்னஞ்சல் ஒன்றாக வந்து விழுகிறதே என்று இப்போது வேறு முனகல்.

'சனி ஞாயிறுதான் வேண்டுமா, வாரத்தின் நடுவில் ஒரு நாள் எடுத்தால் என்ன?' என்றும் கேட்டிருந்தாய். செய்து பார்த்துவிட்டேன். புதன்கிழமை லீவு போட்டேன். பிள்ளைகள் பள்ளியில், மனைவி வேலையில், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு. சோவியத் நாட்டில் இதைத் தேசம் முழுக்கவே செய்து பார்த்தார்கள். 1929-ல் ஞாயிறை எடுத்துவிட்டு, தொழிற்சாலை நிற்காமல் ஓட வேண்டும் என்று ஐந்து நாள் வாரம் கொண்டுவந்தார்கள். ஆட்களை ஐந்து பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு நாள் ஓய்வு. எண்ணிப் பார்த்தால் முன்பைவிட ஓய்வு நாள் அதிகம்! ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள். இரண்டே வருஷத்தில் பொது ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940-ல் ஞாயிறே திரும்பி வந்துவிட்டது. ஊரே வேலையில் இருக்கும்போது நமக்கு மட்டும் கிடைக்கும் லீவு, ஆள் வராத கல்யாண மண்டபம் மாதிரி.

பொழுதுபோக்கில்தான் நான் படு மோசம். ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்ஸி ஒரே சமயத்தில் இரண்டு கம்பெனி நடத்தியபோது, சனிக்கிழமை மலையேற்றம், ஞாயிறு அடுத்த வாரத்துக்கான யோசனை என்று 2011-ல் சொல்லியிருந்தார். எனக்கு மலையேறினாலும் போன் பையில் இருக்குமே! அதனால் நீச்சலில் சேர்ந்தேன். தண்ணீருக்குள் யாரும் அழைக்க முடியாது. ஒரு மாதத்தில் எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம் என்று அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன். மகள் பார்த்துவிட்டு, "இதுக்கும் டார்கெட்டா?" என்று சிரித்தாள். இப்போது எண்ணுவதில்லை. எண்ணவில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதே. போன மாதம் காலாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். தொடர்ந்து மூன்று வார இறுதி போய்விட்டது. டிராயர் திறந்தே கிடந்தது.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக நடக்கிறார். உன்னை விசாரித்தார், பள்ளி நாளில் நீ எங்கள் வீட்டு ஜன்னலை உடைத்ததை இன்னும் மறக்கவில்லை. உன் மகளின் பரீட்சை எப்படிப் போனது என்று எழுது. அடுத்த மாதம் குடும்பத்தோடு இங்கே வா. சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கு மேல் வா. வழி தெரியவில்லை என்றால் என்னை அழைக்காதே, மனைவியின் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். அவசரம்தானா என்று அவள் கேட்டால், ஆமாம் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்