மானுடவியல் படிக்கப் போகும் அக்கா மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

"வெறும் சமுதாயக் கல்லூரிதான் மாமா" என்று போனில் சொன்னாய். அந்த "வெறும்" இன்னும் என்னை உறுத்துகிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன், இதே கலிபோர்னியாவில், அப்படியொரு ஈராண்டுக் கல்லூரியின் மாலை வகுப்பில்தான் நான் மானுடவியல் படித்தேன். மாநிலவாசிகளுக்கு அன்றும் இன்றும் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவின் ஓர் அலகுக்கு, 46 டாலர்தான். எனக்கு வலப்பக்கம் இரவுப் பணிக்குப் போகும் செவிலியர். இடப்பக்கம் ராணுவத்திலிருந்து திரும்பியவர்.

உறவுமுறைப் பாடத்தன்று அவரவர் குடும்பத்தை வரையச் சொன்னார் ஆசிரியை. மாமன் மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கை என்று நான் பிரித்துக் காட்டியதும் வகுப்பே என் தாளைச் சூழ்ந்துகொண்டது. பாடநூலில் அதற்குப் பெயரே திராவிட உறவுமுறை! 1871-இல் அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் தமிழ் உறவுப் பெயர்களை நியூயார்க்கின் பூர்வகுடிகளான செனகா மக்களுடைய பெயர்களோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார் என்று அன்றுதான் அறிந்தேன். நம் வீட்டில் வாய்க்கு வாய் புழங்கும் சொற்கள் அவை.

இன்னொரு மாலை இஷியின் கதை. கலிபோர்னியாவின் பூர்வகுடியான யாஹி இனத்தில் எஞ்சிய அந்த ஒற்றை மனிதர், 1911-இல் ஓரோவில் என்ற ஊரருகே பசியோடு வெளிப்பட்டார். தம் பெயரைத் தாமே சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. எடுத்துச் சொல்ல உறவென்று எவரும் மிஞ்சவில்லை. அவர் மொழியில் "மனிதன்" என்று பொருள்படும் இஷி என்பதையே மானுடவியலாளர் குரோபர் பெயராக வைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவரைக் குடிவைத்தார்கள். அவர் அம்புமுனை செதுக்குவதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. 1916-இல் காசநோயால் இறந்தார். உடலை அறுக்க வேண்டாம் என்று குரோபர் எழுதியும் அறுத்தார்கள். மூளையை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 2000-இல்தான் அது உறவு இனத்தார் கைக்குத் திரும்பியது.

பாடம் முடிந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கலிபோர்னியாவின் பூர்வகுடிப் பெண். தன் பாட்டி இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வாள் என்று தொடங்கினாள். ஆசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். நேரம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. யாரைப் பற்றிப் படிக்கிறோமோ அவர் நம்மோடு அமர்ந்து பதில் பேசிய அந்த வகுப்பையா நீ "வெறும்" என்கிறாய்?

இரண்டு ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், அது நடக்கட்டும். இப்போதைக்கு முன்வரிசை தேடாதே. வேலை முடிந்து அசதியோடு வருபவர் பக்கத்தில் உட்கார். குடும்பத்தை வரையச் சொன்னால் என்னை "அங்கிள்" என்று எழுதிவிடாதே, மாமா என்றே எழுது. ஏன் என்று கேட்பார்கள். பொறுமையாகச் சொல்.

அன்புடன்,
மாமா