இரண்டு மிதி, ஒரு தட்டு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு இரண்டு நாள் சரியான தூக்கம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நீ சமையலறைக்குப் போய்விட்டாய், அதுதான் காரணம். தொலைபேசியில் நீ என்னை முழுதாக ஒரு வாக்கியம் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

குயின் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவுக்கு ஒரே ஒரு பாட்டைக் கீதமாகச் சொல்ல வேண்டுமென்றால் எதைச் சொல்வது என்பதுதானே கேள்வி. நீ 'போஹீமியன் ராப்ஸடி' என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை 'வீ ஆர் த சாம்பியன்ஸ்' என்று குரல் கொடுத்தார். நான் 'வீ வில் ராக் யூ' என்றதும் இரண்டு பேரும் சிரித்தீர்கள். "அது பாட்டே இல்லைப்பா, வெறும் தட்டல்" என்றாய். இருபத்தெட்டு வருடம் ரேடியோ செட் கட்டிப் பிழைத்தவனிடம் சொல்கிற பேச்சா அது?

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பாட்டை நாலு தடவை கேட்டேன். 1975இல், ஆறு நிமிடத்துக்கு ஐந்தே நொடி குறைவான ஒரு பாட்டை இசைத்தட்டாக விடுவதென்றால் துணிச்சல்தான். இவ்வளவு நீளமான பாட்டை எந்த வானொலியும் போடாது என்று இசைத்தட்டு நிறுவனம் தயங்கியிருக்கிறது. லண்டனில் கென்னி எவரெட் என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரே வார இறுதியில் பதினான்கு தடவை ஒலிபரப்பிவிட்டாராம். அப்புறம் என்ன, இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடம். 1991 நவம்பரில் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்தபின் மறுபடி வெளியிட்டபோது இன்னும் ஐந்து வாரம்.

என்னை உட்கார வைத்தது அந்த நடுப்பகுதி. மூன்றே பேர், ஃப்ரெடியும் கிடார்காரர் பிரையன் மேயும் டிரம்காரர் ரோஜர் டெய்லரும், தங்கள் குரலையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு பெருங்கூட்டம் பாடுவதுபோல் ஆக்கியிருக்கிறார்கள். நூற்றெண்பது தடவைக்கு மேல் அடுக்கியதில் ஒலிப்பதிவு நாடாவின் மேல்பூச்சு தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம். இதைப் படித்தவுடன் எனக்குப் பழைய டேப் ரிக்கார்டரின் ஹெட் நினைவுக்கு வந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தால் பழுப்பாக ஒரு பொடி ஒட்டிக்கொண்டு வருமே, சின்ன வயதில் நீ அதை "பாட்டோட அழுக்கு" என்பாய். அவர்கள் பாட்டில் பாதி அப்படிப் பொடியாகப் போயிருக்கும். கெட்டிக்காரர்கள்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த நடுப்பகுதியை அவர்களாலேயே மேடையில் பாட முடியவில்லை. அந்த இடம் வந்ததும் நாடாவை ஓடவிட்டு, ஆட்கள் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். கிடார் அதிரும் இடம் வந்ததும் மறுபடி ஏறுவார்கள். 1985 ஜூலை 13 அன்று வெம்பிளி மைதானத்தில் நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரியில் அவர்களுக்குக் கிடைத்தது இருபத்தொரு நிமிடம்தான். அதில் இந்தப் பாட்டின் முன்பகுதியை மட்டும் பியானோவில் வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டார் ஃப்ரெடி.

கீதம் எது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. கரண்ட் போனால் பாட்டு நிற்கிறதா, ஓடுகிறதா?

சிரிக்காதே. நீ ஆறாம் வகுப்பு படித்த வருடம் மாரியம்மன் நோன்பு நினைவிருக்கிறதா? ராத்திரி பத்தரை மணி, கம்பத்தைச் சுற்றிப் பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஊரே இருட்டானது. நான் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறேன், நீ பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். மைக் செத்துவிட்டது, குழாயிலிருந்து மூச்சே இல்லை. ஆனால் கும்மி நிற்கவில்லை. பாட்டெடுத்துக் கொடுத்த அம்மாவின் குரல் கம்மிப் போனாலும் கைத்தட்டல் தவறவே இல்லை. ஜெனரேட்டரைப் பிடித்து இழுத்து உயிர்கொடுத்து நான் நிமிர்ந்து பார்த்தபோது, என் மைக் இல்லாமலேயே அவர்கள் மூன்று பாட்டு தாண்டியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. ஜெனரேட்டருக்கு வேறு வாடகை கொடுத்திருந்தேன்.

இப்போது 'வீ வில் ராக் யூ'வுக்கு வா. 1977 மே மாதம், ஸ்டாஃபோர்டில் பிங்லி ஹால் என்ற மண்டபத்தில் குயின் கச்சேரி. உன் ஊர் பர்மிங்காமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். கச்சேரி முடிந்து குழுவினர் இறங்கிய பின்பும் கூட்டம் கலையவில்லை. கால்பந்து மைதானங்களில் லிவர்பூல் ரசிகர்கள் பாடுகிற பாட்டு ஒன்றை, 'யூ வில் நெவர் வாக் அலோன்', எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்கள். பிரையன் மேக்கு அது மனதில் தைத்துவிட்டது. நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? கையைத் தட்டலாம், காலை மிதிக்கலாம், வாய்விட்டுப் பாடலாம். அந்த மூன்றை மட்டும் வைத்து அவர் எழுதிய பாட்டு இது. கூட்டம் செய்யக்கூடியதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்குள் பாட்டைக் கட்டியிருக்கிறார். உன் பாட்டைக் கட்டியவர்கள் தங்களால் எவ்வளவு முடியும் என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் இதுதான்.

அதில் டிரம் இல்லை தெரியுமா? பாஸ் கிடாரும் இல்லை. ரோஜர் டெய்லர் மாதிரி ஒரு டிரம்காரரை வைத்துக்கொண்டு அவரைப் பலகை மிதிக்க விட்டிருக்கிறார்கள்! லண்டனில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இருந்த வெஸெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், கிடந்த பலகைகளை மிதித்து மிதித்துப் பதிந்திருக்கிறார்கள். இரண்டு மிதி, ஒரு தட்டு. பாட்டே இரண்டு நிமிடம்தான். கிடார் கடைசி அரை நிமிடத்தில்தான் வாயைத் திறக்கிறது.

இனி வருவது என் தொழில் சமாச்சாரம், கவனமாகப் படி. நாலைந்து பேர் மிதித்தது ஆயிரக்கணக்கானோர் மிதிப்பதுபோல் எப்படிக் கேட்கிறது? வேறு யாராக இருந்தாலும் எதிரொலி ஏற்றியிருப்பார்கள். பிரையன் மே இயற்பியல் படித்தவர். விண்வெளித் தூசியைப் பற்றிய ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுக் கிடாரோடு போனவர், 2007இல்தான் முடித்து டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் எதிரொலியைத் தொடவில்லை. ஒரே மிதியைத் திரும்பத் திரும்ப, நொடியின் சிறுசிறு பங்கு தள்ளித் தள்ளி வைத்தார். பக்கத்தில் நிற்பவன் மிதிப்பது உடனே கேட்கும், தூரத்தில் நிற்பவன் மிதிப்பது ஒரு துளி தாமதமாகக் கேட்கும், அந்தக் கணக்கு. தள்ளி வைத்த இடைவெளிகளைப் பகா எண்களின் கணக்கில் அமைத்தாராம். இல்லையென்றால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போய், கூட்டமாகக் கேட்காமல் எதிரொலியாகக் கேட்டுவிடும்.

இதைப் படித்துவிட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன், கண்ணு. கோயில் வாசலில் ஒரு குழாய், தேர்முட்டியில் ஒரு குழாய், நடுவில் ஏறக்குறைய நூறு மீட்டர். சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். நடுத்தெருவில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாக வரும், தேர்முட்டிக்குக் கீழே நிற்பவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகக் கேட்கும். "என்னப்பா செட்டு இது, ஒரு தவில் அடித்தால் ரெண்டு தவில் கேட்கிறது" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டத்தில் வைத்துத் திட்டினார், வாடகையிலும் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டார். நான் ஐம்பது ரூபாய் இழந்த அதே சங்கதியை அந்த மனிதர் உலகம் முழுக்க விற்றிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பையன்கள் ஏழெட்டுப் பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ வாங்கித் தந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் முதலில் உன் பாட்டைப் போட்டேன். ஆட்டம் நின்றது. ஒரு பையன் ஸ்டிரைக்கரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு கேட்டான். அந்த 'பிஸ்மில்லா' வந்த இடத்தில் ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் சின்னவன் கேட்டான், "இதில் மொத்தம் எத்தனை பாட்டு தாத்தா?"

அடுத்து என் பாட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது சுற்றுக்குள் திண்ணைப் பலகை அதிர ஆரம்பித்துவிட்டது. கேரம் காய்கள் தானாக நகர்ந்தன, சிவப்புக் காய் குழிக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதற்கு யார் காசு கொடுப்பது என்று அப்புறம் ஒரு தனிச் சண்டை. நான் ஸ்பீக்கரை அணைத்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்து விரட்டுகிறவரைக்கும் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை சொன்ன பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மரியாதைக்காக. இரண்டும் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்கள்தானே. பல்லவியைக் கூட்டம் பாடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்ற அணியின் ரசிகன் அந்த நேரத்தில் வாயைத் திறப்பானா? அது பாதி மைதானத்தின் பாட்டு. என் பாட்டில் ஒரு சிறுவன், ஒரு வாலிபன், ஒரு கிழவன் மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது. அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்று வைத்துக்கொள். இதையெல்லாம் அவரிடம் அப்படியே படித்துக் காட்டாதே.

இன்னொன்று, இது வாதத்துக்காகச் சொல்வதில்லை. 'ரேடியோ கா கா'வைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 1984இல் ரோஜர் டெய்லர் எழுதியது. வானொலியின் காலம் போய்க்கொண்டிருக்கிறதே என்று வானொலியிடமே பேசுகிற பாட்டு. நம் கொட்டகையில் தூசி பிடித்துக் கிடக்கிற அந்த வால்வு ரேடியோவை விற்கச் சொன்னாயே, விற்க மாட்டேன். அந்தக் குழுவில் நான்கு பேருமே பாட்டு எழுதுகிறவர்கள், நான்கு பேரும் பெரிய வெற்றிப் பாட்டு கொடுத்தவர்கள். உங்கள் சண்டை தீராததற்கு அதுவும் ஒரு காரணம்.

உன் அம்மாவிடமும் வாக்குக் கேட்டேன். கைப்பேசியில் அந்த வெம்பிளி கச்சேரியைக் காட்டினேன். 'ரேடியோ கா கா'வுக்கு எழுபதாயிரம் பேர் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டியபோதும் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டேதான் இருந்தாள். ஃப்ரெடி மெர்க்குரி வாத்தியம் எதுவும் இல்லாமல் "ஏ...ஓ" என்று இழுக்க, கூட்டம் திருப்பிச் சொல்கிறதே, அங்கே கை நின்றது. "இது நல்லா இருக்குதே, யார் பெத்த பிள்ளை?" என்றாள். சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவன் என்றேன். "பாவம், சின்ன வயசிலேயே பெத்தவளை விட்டு இருந்திருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். அவள் வாக்கு அந்த "ஏ...ஓ"வுக்குத்தான். அது பாட்டே இல்லையடி என்றேன். அதனால் என்ன என்கிறாள். என் சோதனைப்படி பார்த்தால் அவள் சொல்வதுதான் ஜெயிக்கும்போல் இருக்கிறது. அவளிடம் நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

எனக்கு ஒரு உதவி செய். விடுமுறையில் ஸ்டாஃபோர்டுக்கு ஒரு நடை போய் வா. பர்மிங்காமிலேயே பிங்லி ஹால் என்று வேறொரு மண்டபம் இருந்து 1984இல் தீப்பிடித்துப் போனது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. இது கண்காட்சித் திடலில் இருக்கிறது. உள்ளே விட்டால், கூரை தகரமா வேறு ஏதாவதா, எவ்வளவு உயரம் என்று பார். யாரும் இல்லாத நேரமாக நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டி, அதைப் பதிந்து அனுப்பு. மாப்பிள்ளையைக் கடைசி மூலையில் நிறுத்தி அங்கேயிருந்தும் ஒரு தடவை தட்டச் சொல். இரண்டையும் தனித்தனியாக அனுப்பு, சேர்த்துவிடாதே.

மஞ்சளும் பருப்புப் பொடியும் அடுத்த வாரம் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
அப்பா